எட்டுக் கிலோ குறைந்ததற்குப் பாராட்டினோம்: வன்னியில் ஒரு நீரிழிவு நிகழ்வு ஆய்வு

எதற்காக எழுதுகிறேன்

முல்லைத்தீவு மாவட்டத்தில், குளக்கட்டை ஒட்டிய ஒரு விவசாயக் கிராமத்தைச் சேர்ந்த அம்மா ஒருவரைப் பற்றியது இது. அந்தப் பகுதியின் சிறிய வைத்தியசாலையில் சலரோகக் (நீரிழிவு) கிளினிக்கை நான் பார்த்து வந்தேன். எழுதுவதற்கு அவரும் மகளும் சம்மதித்தார்கள். ஆளைத் தெரியாதபடி சில விபரங்களை மாற்றியிருக்கிறேன். இதில் வரும் பிழைகளில் பெரும்பாலானவை கிளினிக் கொப்பியில் என் கையெழுத்திலேயே இருக்கின்றன. வயது போன சலரோகக்காரரின் நிறையையும் சீனியையும் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் எது கண்ணில் படாமல் போகும் என்று கேட்பவர்களுக்கு இந்த அம்மாவின் கதையைத்தான் சொல்கிறேன்.

பின்னணி

அவருக்கு 68 வயது. கணவர் இல்லை. ஒரு மகன் 2009 இல் இல்லாமற் போனார், இன்னொரு மகன் கனடாவில். மகளுடனும் பேத்தியுடனும் வீட்டுத்திட்ட வீடொன்றில் இருக்கிறார். மகளுக்கு ஆடைத் தொழிற்சாலையில் வேலை. விடியமுன் பஸ் ஏறினால் இரவு ஏழு மணிக்குத்தான் திரும்புவார். பேத்தி சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை. ஆகவே பகல் முழுவதும் அம்மா தனியே.

போர் முடிவில் மக்கள் இருத்தப்பட்ட மெனிக் பாம் முகாமிலிருந்து ஊர் திரும்பியபோது எலும்பும் தோலுமாக இருந்ததாக மகள் சொன்னார். திரும்பியபின் சில வருடங்கள் கடுமையான உழைப்பு. காலபோக வயலில் களை பிடுங்கினார், கச்சான் தோட்டம் செய்தார், கிணற்றில் தண்ணீர் அள்ளினார், விறகு கொத்தினார். 2012 இல் சலரோகம் கண்டுபிடிக்கப்பட்டது. பிறகு மகன் காசு அனுப்பத் தொடங்கினார். கிணற்றுக்கு மோட்டர் வந்தது, காஸ் அடுப்பு வந்தது, உடுப்புத் தோய்க்க மெஷின் வந்தது. "அம்மா, நீங்கள் கஷ்டப்பட்டது காணும், இருங்கோ" என்று பிள்ளைகள் சொன்னார்கள். அவரும் விறாந்தையில் பிளாஸ்டிக் கதிரையில் இருந்தார். இதில் யாரையும் குறை சொல்ல எனக்கு மனமில்லை. போரும் முகாமும் கண்ட தாயைப் பிள்ளைகள் இருத்தி வைத்துப் பார்க்க விரும்புவது வன்னியில் ஒவ்வொரு வீட்டிலும் உள்ளதுதான். ஆனால் ஏழெட்டு வருடத்தில் அவருடைய கால்களுக்கு வேலையே இல்லாமற் போய்விட்டது.

நான் கிளினிக்கைப் பொறுப்பெடுத்தபோது அவருக்கு 65 வயது, நிறை 71 கிலோ, உயரம் 150 சென்ரிமீற்றர். வெறுவயிற்றுச் சீனி 168. கொப்பியில் நான் எழுதியது இது: "நிறை குறைக்கவும். சோறு குறைக்கவும். முட்டை, எண்ணெய் தவிர்க்கவும்." சீனியை இறக்கும் கிளிபென்கிளமைட் குளிசையைக் காலை 5 மில்லிகிராம், இரவு 5 மில்லிகிராம் என்று கூட்டினேன். இன்னொரு சலரோகக் குளிசையான மெற்போமின் ஏற்கனவே காலை ஒரு கிராம், இரவு ஒரு கிராம். கால் எரிவுக்கு இரவில் அமிற்றிப்டிலின் 25 மில்லிகிராம் கொடுத்தேன். அடிக்கடி தும்மல் என்று சொன்னதால் குளோர்பெனிரமினும் சேர்ந்தது.

சொன்னதைக் கேட்கிற நோயாளி அவர். மூன்று வருடத்தில் நிறை 71 இலிருந்து 63 ஆனது. வெறுவயிற்றுச் சீனி 90 களில் நின்றது. "மிக நன்று" என்று சிவப்புப் பேனையால் எழுதிக் கீழே கோடும் போட்டேன். கிளினிக்கில் மற்றவர்களுக்கு அவரை உதாரணமாகவும் காட்டினோம்.

அந்த ஆவணி மாதக் காலை

கிளினிக் நாள். இரத்தம் எடுக்க வேண்டியிருந்ததால் வெறுவயிற்றில் வரச் சொல்லியிருந்தோம். அவர் காலை ஐந்து மணிக்கு வழக்கப்படி குளிசைகளை விழுங்கிவிட்டு, சாப்பிடாமல் பஸ் ஏறினார். எட்டு மணிக்கு இரத்தம் எடுத்தார்கள். அதன்பின் சாப்பிட்டிருக்கலாம்தான். ஆனால் கடைக்குப் போனால் நம்பர் போய்விடும் என்று வாங்கிலேயே இருந்துவிட்டார். பத்தே முக்கால் மணிக்குப் பக்கத்தில் இருந்த பெண் தாதியைக் கூப்பிட்டார். அம்மாவின் சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. கூட வந்த பேத்தியின் பெயரைக் கேட்டோம். அவளையே பார்த்துக்கொண்டிருந்தார், பெயர் வரவில்லை. விரலில் குத்திப் பார்த்தால் சீனி 48.

குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்தோம். கால் மணித்தியாலத்தில் 71 ஆனது. பணிசும் வாழைப்பழமும் சாப்பிட்டார், பெயரும் வந்தது. "சரி, வீட்டை போகட்டோ?" என்று கேட்டார். விடவில்லை. கிளிபென்கிளமைட் உடம்பில் நீண்ட நேரம் நின்று வேலை செய்யும், ஒருமுறை ஏறிய சீனி மீண்டும் விழலாம். வார்ட்டில் வைத்துக்கொண்டோம். அது நல்லதாய்ப் போயிற்று, இரவு இரண்டு மணிக்கு மறுபடியும் 61.

அன்று மாலை மகள் வேலையால் நேரே வந்தபோதுதான் முழுக்கதையும் வெளியே வந்தது. ஒரு வருடத்துக்கு மேலாகப் பின்னேரங்களில் அம்மாவுக்கு வியர்ப்பதும், சம்பந்தமில்லாமல் கதைப்பதும், பிறகு தானே தெளிவதும் நடந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை விரதத்தில் கூடுதலாம். வயசுக் கோளாறு என்று வீட்டில் நினைத்தார்கள். அயலில் ஒருவர் நூல் கட்டச் சொல்லியிருக்கிறார், கட்டியும் இருந்தார்கள். இடது கையில் அந்த நூலைப் பார்த்துக்கொண்டேதான் அதுவரை பிரஷர் எடுத்து வந்திருக்கிறோம்.

வார்ட்டில் கண்டது

மறுநாள் காலை சுற்றில் அவர் கட்டிலிலிருந்து எழும்ப முயன்றுகொண்டிருந்தார். உடம்பை முன்னும் பின்னுமாக மூன்று தரம் ஆட்டினார். பிறகு கட்டில் சட்டத்தைப் பிடித்துத் தள்ளினார், வரவில்லை. சிற்றூழியர் ஒருவர் கமக்கட்டுக்குள் கைகொடுத்துத் தூக்கிவிட்டார், பழக்கப்பட்ட கையாக.

"இது எப்ப தொடக்கம் அம்மா?"

"கனகாலம் பிள்ளை. வயசு போனா இப்பிடித்தானே. கக்கூசிலை இருந்து எழும்பத்தான் கஷ்டம். மகள் கயிறு கட்டித் தந்திருக்கிறாள்."

குந்தி இருக்கும் மலசலகூடம். கூரை மரத்தில் நைலோன் கயிறு ஒன்றை மகள் கட்டியிருந்தார். அதைப் பிடித்துத்தான் ஒன்றரை வருடமாக எழும்பியிருக்கிறார். மாதாமாதம் கிளினிக்குக்கு வந்த ஒருவரைப் பற்றி எனக்கு இது தெரியாது. நான் பார்க்கும்போதெல்லாம் அவர் ஏற்கனவே கதிரையில் இருந்தார். எழும்பிப் போகும்போது என் கண் அடுத்த கொப்பியில்.

சீனி மிகக் குறைந்த மறுநாளே ஞாபகத்தைச் சோதிப்பது சரியல்ல, பலத்தைச் சோதிப்பதும் அப்படித்தான். கிளிபென்கிளமைட்டை அன்றே நிறுத்தினோம். இரண்டு கிழமை கழித்து மகளுடன் வரச் சொன்னோம்.

இரண்டு கிழமையின் பின் செய்த சோதனைகள்

மரக்கதிரை ஒன்றைச் சுவரோடு வைத்து, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு ஐந்து தரம் எழும்பி இருக்கச் சொன்னோம். ஆசியாவுக்கான தசை இழப்புக் குழு 2019 இல் தந்த அளவுகளின்படி இதற்கு 12 செக்கன் அல்லது அதற்கு மேல் எடுத்தால் கவனிக்க வேண்டும். அவரால் கையைக் கட்டிக்கொண்டு ஒருதரம்கூட எழும்ப முடியவில்லை. கை ஊன்ற விட்டபோது ஐந்து தரத்துக்கும் 26 செக்கன். நான்கு மீற்றர் நடக்க ஆறரைச் செக்கன், அதாவது செக்கனுக்கு 0.6 மீற்றர் சொச்சம். ஒரு மீற்றருக்குக் குறைந்தாலே வேகம் குறைவு. கெண்டைக்காலின் சுற்றளவு 30 சென்ரிமீற்றர், பெண்களுக்கு 33 க்குக் கீழே போனால் சந்தேகிக்க வேண்டும். கைப்பிடிப் பலம் அளக்கும் கருவி எங்களிடம் இல்லை. பெரிய வைத்தியசாலையின் இயன்மருத்துவப் பிரிவுக்கு அனுப்பி அளந்தோம். 13 கிலோ வந்தது, பெண்களுக்குக் கீழ் எல்லை 18. கடந்த ஒரு வருடத்தில் இரண்டு தரம் விழுந்திருக்கிறார். எங்களிடம் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

அதே வேளையில் இடுப்புச் சுற்றளவு 98 சென்ரிமீற்றர். எட்டுக் கிலோ குறைந்தும் உடல் நிறைச் சுட்டி 28. ஆசியர்களுக்கு 27.5 ஐத் தாண்டினால் ஆபத்து அதிகம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. வயிறு அப்படியே இருந்தது, தொடைதான் வற்றியிருந்தது. சேலை உடுத்திருக்கும் ஒருவரில் தொடையை யார் பார்க்கிறார்கள்? மெலிந்தவருக்குத்தான் தசை போகும் என்ற எண்ணம் எங்கள் எல்லோருக்கும் இருந்தது. பருமனும் தசை இழப்பும் ஒரே உடம்பில் ஒன்றாக இருக்கலாம். தனித்தனியே இருப்பதைவிட இந்தச் சேர்க்கை மோசமானது.

ஞாபகத்துக்கு வருவோம். அச்சடித்த வினாத்தாள்கள் இங்கே பாதிதான் உதவும். "இப்போது எந்த மாடியில் இருக்கிறீர்கள்?" என்று அதில் ஒரு கேள்வி உண்டு. எங்கள் வைத்தியசாலைக்கு மாடியே இல்லை. அவர் படித்தது ஐந்தாம் வகுப்பு வரை. ஆகவே எளிய மூன்றை எடுத்தோம். தேங்காய், குடை, மாடு என்று சொல்லி ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டதில் மாடு மட்டும் வந்தது. ஒரு நிமிடத்தில் ஏழு விலங்குகளின் பெயர் சொன்னார். மணிக்கூடு கீறச் சொன்னதில் எல்லா இலக்கங்களும் வலது பக்கத்தில் குவிந்தன.

இவற்றைவிட மகள் சொன்ன ஒன்று எனக்கு அதிகம் உறைத்தது. அம்மா முன்னர் சீட்டுப் பிடித்தவர். பன்னிரண்டு பேரின் காசு, யார் கட்டினார், யார் எடுத்தார், யாருக்கு எவ்வளவு பாக்கி என்பதெல்லாம் கொப்பியில்லாமல் தலைக்குள்ளேயே இருந்ததாம். இரண்டு வருடத்துக்கு முன்னர் ஒருவரிடம் இரண்டு தரம் காசு கேட்டுப் பிரச்சினையாகி, வெட்கத்தில் சீட்டை விட்டுவிட்டார். சொதிக்கு இரண்டு தரம் உப்புப் போடுவது அதற்குப் பிறகு வந்தது. வினாத்தாளில் இல்லாத இந்தக் கணக்குத்தான் எப்போது, எவ்வளவு குறைந்தது என்பதைக் காட்டியது.

இரத்தப் பரிசோதனைகளில் சில வவுனியாவில் தனியார் ஆய்வுகூடத்தில் செய்யப்பட்டன. மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் எச்பிஏ1சி 6.4 சதவீதம். இளைஞருக்கு இது நல்ல எண். விழுந்து, மறந்து, சீனி இறங்கிக்கொண்டிருக்கும் 68 வயதுப் பெண்ணுக்கு இது எச்சரிக்கை. விற்றமின் பி12 148 ஆக, கீழ் எல்லையான 200 க்கும் கீழே இருந்தது. நீண்டகாலம் மெற்போமின் எடுப்பவர்களில் இது குறைவது தெரிந்த விஷயம், ஆனாலும் ஒருதரமும் பார்த்திருக்கவில்லை. தைரொயிட் சரி. ஹீமோகுளோபின் 10.8. சிறுநீரில் புரதம் இல்லை.

சிறுநீரகத்தின் வேலையைக் கணிக்கப் பார்க்கும் கிரியாற்றினின் 1.0. சூத்திரத்தில் போட்டால் சிறுநீரக வடிகட்டல் 60 க்குச் சற்று மேலே வருகிறது. இங்கே ஒரு பொறி உண்டு. கிரியாற்றினின் தசையிலிருந்து வருவது. தசை குறைந்தவருக்கு அதுவும் குறைவாகவே உற்பத்தியாகும், ஆகவே சிறுநீரகம் உண்மையில் இருப்பதைவிட நன்றாக வேலை செய்வதாகத் தாளில் தெரியும். அவருடைய உண்மையான அளவு இன்னும் கீழே இருக்கலாம் என்று வைத்துக்கொண்டே மருந்துகளைத் தீர்மானித்தோம்.

வலது கண்ணில் கற்றரக்ட். பாதத்தில் உணர்ச்சி குறைவு. மனச்சோர்வுக்கான கேள்விகளில் சில ஆம் என்று வந்தன. இல்லாமற் போன மகனைப் பற்றிக் கேட்டபோது பேசாமல் இருந்தார். அதை நோயென்று எழுத நான் தயாராக இல்லை. மாவட்ட மனநலப் பிரிவின் உத்தியோகத்தர் ஒருவர் வீட்டுக்குப் போய்வர ஒழுங்கு செய்தோம்.

எப்படி விளங்கிக்கொண்டோம்

சாப்பாட்டுக்குப் பின் இரத்தத்தில் ஏறும் சீனியின் பெரும்பகுதியை இன்சுலினின் உதவியோடு உள்ளே எடுப்பது தசை. தசை சுருங்கினால் சீனி போக இடமில்லை. எஞ்சியிருக்கும் தசைக்குள்ளும் கொழுப்புப் படிகிறது. வயிற்றுக் கொழுப்பிலிருந்து கசியும் அழற்சிப் பொருட்கள் இன்சுலினின் வேலையைக் கெடுக்கின்றன, அதே இன்சுலின்தான் தசையைக் கட்டவும் வேண்டும். சீனி கூட, குளிசை கூடும். குளிசை கூட, சீனி திடீரென்று விழும். மூளை சீனியை நம்பி வாழ்வது. அடிக்கடி கடுமையாக விழும் சீனிக்கும் முதுமை மறதிக்கும் இரு பக்கத் தொடர்பு உண்டு. மறதி உள்ளவர் சாப்பிடாமல் குளிசை போடுவார், அதனால் சீனி விழும், அது மறதியைக் கூட்டும். சலரோகம் உள்ளவர்களுக்கு மறதிநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு என்பது பல ஆய்வுகளில் வந்த முடிவு.

இந்தச் சக்கரத்துக்கு நான் இரண்டு பக்கத்தாலும் தள்ளுக் கொடுத்திருந்தேன். புரதம் இல்லாத, அசைவு இல்லாத நிறைக்குறைப்பு ஒன்று. மற்றது அமிற்றிப்டிலினும் குளோர்பெனிரமினும். இரண்டும் தூக்கத்தையும் குழப்பத்தையும் தரும், வயதானவர்களில் ஒன்றாகக் கொடுக்கக் கூடாதவை.

எடுத்த முடிவுகள்

மருந்துகள் முதலில். கிளிபென்கிளமைட்டை நிரந்தரமாக நிறுத்தினோம். மெற்போமின் 500 மில்லிகிராம் இரண்டு வேளையாகக் குறைந்தது. எச்பிஏ1சி இலக்கை ஏழரைக்கும் எட்டுக்கும் இடையில் வைத்தோம். குளோர்பெனிரமின் நின்றது. அமிற்றிப்டிலினை ஒரேயடியாக வெட்டாமல் 10 ஆக இறக்கி, பிறகு நிறுத்தினோம். பி12 ஊசி முதல் இரண்டு கிழமையும் ஒன்றுவிட்ட ஒருநாள், பின்னர் மூன்று மாதத்துக்கு ஒருதரம். இரத்தம் எடுக்கும் நாளில் சாப்பிடும்வரை குளிசை போடக்கூடாது என்று கொப்பியின் அட்டையிலேயே எழுதினோம்.

சாப்பாட்டில்தான் அதிக நேரம் செலவானது. ஒருநாள் சாப்பாட்டைச் சொல்லச் சொன்னோம். காலையில் சீனியில்லாத பிளேன்ரீயும் இரண்டு பிஸ்கற்றும், பிறகு பிட்டும் சம்பலும். மத்தியானம் குத்தரிசிச் சோறு, ஒரு கரண்டிப் பருப்பு, கீரை, சொதி. மீன் இருந்தால் பேத்திக்கு. பின்னேரம் ரஸ்க். இரவு பிட்டு அல்லது பாண். செவ்வாயும் வெள்ளியும் மரக்கறி. முட்டை மூன்று வருடமாக இல்லை, நான் வேண்டாமென்று சொன்னதால். கூட்டிப் பார்த்ததில் புரதம் 35 கிராம் அளவில் வந்தது. வயதானவருக்கு உடல் நிறையின் ஒரு கிலோவுக்கு 1.0 முதல் 1.2 கிராம் வேண்டும், அவருக்கு 63 முதல் 75 வரை. சிறுநீரகம் மோசமாக இருந்தால் இப்படிக் கூட்டக் கூடாது. இவருக்கு அந்தத் தடை இல்லையென்று பார்த்த பின்னரே சொன்னோம்.

கடையில் விற்கும் புரதமாவை எழுதிக் கொடுக்கவில்லை. ஊரில் கிடைப்பதைக் கணக்கிட்டோம். காலையில் ஒரு முட்டை, 6 கிராம். மத்தியானம் உள்ளங்கை அளவு குளத்து மீன், 15 கிராம் சொச்சம், அதைப் பேத்திக்குக் கொடுக்காமல் தானே சாப்பிட வேண்டும். பின்னேரம் ரஸ்க்குக்குப் பதில் ஒரு சுண்டு போல அவித்த கௌபி அல்லது பயறு, 12 கிராமுக்கு மேல். இரவு தயிர். ஒரு கைப்பிடி கச்சான். மரக்கறி நாளில் சோயா மீற். சோற்றில் ஒரு கரண்டி குறைவு, பிட்டில் பாதி. கச்சானில் எண்ணெய் என்று பயந்தார். நிறை குறைக்கும் பேச்சையே கொஞ்ச காலம் மறந்துவிடுங்கள் என்றேன். நான் சொல்லிச் சொல்லி ஊட்டிய பயம் அது. எடுக்கப் பல மாதம் பிடித்தது.

பயிற்சிக்கு மரக்கதிரை போதும் என்று தீர்மானித்தோம். பிளாஸ்டிக் கதிரை வழுக்கும், உயரமும் குறைவு. கிழமையில் நான்கு நாள், காலை வெயிலுக்கு முன், கதிரையில் தலையணை போட்டு உயர்த்தி எழும்பி இருக்க வேண்டும். எட்டுத் தரம், ஓய்வு, மறுபடி எட்டு. சுலபமானதும் தலையணையை எடுக்க வேண்டும். பிறகு குசினிக் கட்டைப் பிடித்துக் குதிக்கால் உயர்த்தல், விறாந்தைப் படியில் ஏறி இறங்கல், ஒரு லீற்றர்ப் போத்தலில் தண்ணீர் நிரப்பிக் கை உயர்த்தல். பாதத்தில் உணர்ச்சி குறைவாக இருந்ததால் வெறுங்காலோடு வேண்டாம். பேத்தி எண்ணிச் சுவர்க் கலண்டரில் எழுதுவாள். பள்ளிக்கூடம் போகமுன் அவளுக்கும் அது ஒரு வேலை.

மலசலகூடத்துக் கயிற்றுக்குப் பதிலாக மேசன் ஒருவர் சுவரில் இரும்புக் குழாய் பதித்துத் தந்தார்.

நிறை குறைக்கும் ஊசி

முதல் மாதத்தில் கனடாவிலிருந்து மகன் தொலைபேசியில் கதைத்தார். "இங்கை எல்லாரும் ஊசி போட்டு மெலியினம். அம்மாவுக்கும் அனுப்பட்டோ டொக்டர்?" செமாகுளுட்டைட்டைத்தான் சொன்னார். நியாயமான கேள்வி. சலரோகத்துக்கு அது நல்ல மருந்து, இதயத்துக்கும் நன்மை உண்டு. ஆனால் இந்த வகை மருந்துகளால் குறையும் நிறையில் ஏறக்குறைய கால்பங்கு முதல் ஐந்தில் இரண்டு பங்கு வரை கொழுப்பல்லாத திசுவாக இருக்கலாம், தசையும் அதில் அடக்கம். ஏற்கனவே குறைவாகச் சாப்பிடுபவரின் பசியை இன்னும் குறைத்தால் முட்டையும் கௌபியும் எங்கே போகும்? பகலில் தனியே இருக்கும், மறதியுள்ள ஒருவர் வாந்தியும் வயிற்றோட்டமுமாக அவதிப்படுவதையும் யோசித்தேன். இப்போதைக்கு வேண்டாம் என்றேன். மகனுக்குத் திருப்தியில்லை என்பது குரலில் தெரிந்தது. அந்தக் காசில் மீனும் முட்டையும் வாங்கிக் கொடுக்கச் சொன்னேன், அதைச் செய்தார்.

பின்னர் நடந்தவை

இரண்டாம் மாதத்தில் வெறுவயிற்றுச் சீனி 158 என்று வந்தது. மகள் அழாக்குறையாக வந்தார். "சீனி கூடினா காலை வெட்டுவினம் எல்லோ?" எத்தனையோ வருடம் நாங்கள் அப்படித்தானே பயமுறுத்தினோம். 48 ஆக விழுவது இன்றைய ஆபத்து, 158 உடனே ஆபத்தில்லை என்று விளங்கப்படுத்த அரை மணித்தியாலம் போயிற்று. நூறுக்கு மேற்பட்டவர்கள் காத்திருக்கும் கிளினிக்கில் அரை மணித்தியாலம் என்றால் என்னவென்று அங்கே வேலை செய்தவர்களுக்குத் தெரியும்.

மூன்றாம் மாத முடிவில் கை ஊன்றாமல் ஐந்து தரம் எழும்பினார், 19 செக்கன். பின்னேர வியர்வை ஒருநாளும் வரவில்லை. பெயர்களை மாற்றிச் சொல்வது குறைந்ததாக மகள் சொன்னார். எங்களுக்கு ஒரே சந்தோசம்.

மார்கழியில் வெள்ளம். வீட்டுக்குள் தண்ணீர் வந்து, பள்ளிக்கூடத்தில் ஒரு கிழமை இருந்தார்கள். சோறும் பருப்பும், சீமெந்துத் தரையில் பாய். அங்கே காய்ச்சலும் சளியும் பிடித்து, வைத்தியசாலையில் ஆறு நாள் படுத்தார். தேறிய பின் மறுபடி கை ஊன்றாமல் எழும்ப முடியவில்லை. மூன்று மாத உழைப்பு இரண்டு கிழமையில் கரைந்தது. ஆரோக்கியமான முதியவர்களே பத்து நாள் படுக்கையில் இருந்தால் கால்களில் மட்டும் ஒரு கிலோ அளவு தசையை இழக்கிறார்கள் என்று 2007 இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியிருந்தது. எங்கள் வார்ட்டிலோ "விழுந்துவிடுவீர்கள், படுங்கோ" என்றுதான் சொன்னோம். பயிற்சியை மறுபடி தலையணையிலிருந்து தொடங்கினார்.

அமிற்றிப்டிலினை நிறுத்தியதும் கால் எரிவு திரும்பியது, நித்திரையில்லை. ஐந்தாம் மாதத்தில் 10 மில்லிகிராமை மீண்டும் கொடுத்தோம். நான் விரும்பி எடுத்த முடிவல்ல. நித்திரையில்லாமல் இருப்பதும் மூளைக்குக் கூடாது. பி12 ஏறிய பின் எரிவு கொஞ்சம் தணிந்தது, 10 இலேயே நிற்கிறது.

ஆறாம் மாதத்தில் கற்றரக்ட் சத்திரசிகிச்சை நடந்தது. அதன்பின் தானே நடந்து கடைக்குப் போகத் தொடங்கினார்.

பத்தாம் மாத நிலை

நிறை 64.5, அதாவது ஒன்றரைக் கிலோ கூடியிருந்தது. பழைய நான் சிவப்புப் பேனையை எடுத்திருப்பேன். இடுப்பு 98 இலிருந்து 94. கெண்டைக்கால் 31.5. கைப்பிடி 16 கிலோ. கை ஊன்றாமல் ஐந்து தரம் எழும்ப 14 செக்கன். நடை செக்கனுக்கு 0.85 மீற்றர். எல்லைகளை இன்னும் தாண்டவில்லை, ஆனால் ஒருதரமும் விழவில்லை. எச்பிஏ1சி 7.6. மூன்று சொல்லில் இரண்டு வந்தது. விலங்குகள் பதினொன்று. மணிக்கூடு இன்னும் சாய்ந்தபடிதான்.

வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோவில் பொங்கலுக்குப் போயிருந்தார்கள். மணலில் இருந்து பிடிக்காமல் எழும்பினாராம். மகள் முதலில் சொன்னது அதைத்தான், எச்பிஏ1சி எவ்வளவு என்று அன்று அவர் கேட்கவேயில்லை.

மறதி மாறிவிட்டது என்று சொல்ல முடியாது. சீட்டு மறுபடி பிடிக்கவில்லை. வேறொருவரின் சீட்டில் சேர்ந்திருக்கிறார், தன் தவணையைக் கொப்பியில் எழுதி வைக்கிறார். சீனி விழாதது, மருந்துகள் நின்றது, பி12, கண் தெளிந்தது, பயிற்சி, மத்தியானம் சாப்பிட்ட மீன், இவற்றில் எது எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. எல்லாவற்றையும் ஒன்றாகவே மாற்றினோம். ஒரே ஆளை வைத்து அதற்குமேல் பேசுவது சரியுமல்ல.

என்ன மாற்றினோம், எது பாக்கி

கிளினிக்கில் நிறை பார்க்கும் தராசுக்குப் பக்கத்தில் கை இல்லாத மரக்கதிரை ஒன்று இருக்கிறது. 60 வயதுக்கு மேற்பட்டவர்கள் வருடத்தில் இரண்டு தரம் அதில் எழும்பி இருக்கிறார்கள், தாதி கைத்தொலைபேசியில் செக்கன் பார்க்கிறார். ஆளுக்கு ஒரு நிமிடம்கூடப் போவதில்லை. முதல் மாதத்தில் "இதென்ன பள்ளிக்கூடத் தண்டனையோ" என்று சிரித்தார்கள். கெண்டைக்காலுக்கு உடுப்புத் தைப்பவரின் அளவுநாடா. விழுந்தீர்களா, மலசலகூடத்தில் எதைப் பிடித்து எழும்புகிறீர்கள் என்ற இரண்டு கேள்விகளும் சேர்ந்தன. மெற்போமின் நான்கு வருடத்துக்கு மேல் எடுப்பவர்களின் பெயர்ப்பட்டியல் ஒன்று வைத்திருக்கிறோம், பி12 பார்க்கக் காசும் வழியும் கிடைக்கும்போது அனுப்ப. அது மெதுவாகத்தான் நகர்கிறது. 70 வயதுக்கு மேற்பட்டவர்களில் கிளிபென்கிளமைட் எடுத்த எல்லோரையும் திருப்பிக் கூப்பிட்டு மாற்றினோம். இரத்தம் எடுப்பவர்களுக்கு முதல் நம்பர்கள், எடுத்தவுடன் சாப்பிட அனுப்புவோம், நம்பர் போகாது.

செய்ய முடியாதவையும் உண்டு. கைப்பிடி அளக்கும் கருவிக்கு எழுதிக் கேட்டிருக்கிறோம், இன்னும் வரவில்லை. வார்ட்டில் படுத்திருப்பவர்களை எழுப்பி நடத்த ஆளில்லை. உறவினர் இருந்தால் நடக்கும், இல்லாவிட்டால் இல்லை. பகலில் தனியே இருக்கும் முதியவர்களுக்கு மத்தியானச் சாப்பாட்டை யார் பார்ப்பது என்பதற்கும் எங்களிடம் வழியில்லை. இந்த அம்மாவின் பேத்தி பரீட்சை முடிந்து கொழும்புக்குப் படிக்கப் போகப் போகிறாள். கலண்டரில் எண்ணி எழுதுவது யார் என்று இன்னும் முடிவாகவில்லை. அடுத்த பி12 ஊசி ஆடியில்.